புவி வெப்பச் செய்திகளில் சொல்லாட்சி: ஒரு வரலாற்று நோக்கு

சொல்வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்த நன்னூலார், தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் அடக்கினார். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் தம்முள் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. பள்ளியில் மனப்பாடமாகிப் பின்னர் மறந்துபோகும் இப்பாகுபாடு இலக்கணம் கற்பார்க்கு மட்டுமே உரியது எனக் கருதுவது வழக்கம். ஆயினும், ஒரு பொருளுக்கு எந்தப் பெயரை இடுவது என்னும் கேள்வி அரசுகளின் கொள்கையையும் கோடிக்கணக்கான மக்களின் வாழ்வையும் தொட்ட வரலாறு ஒன்று அண்மைக் காலத்தில் நிகழ்ந்துள்ளது. புவியின் வெப்பம் உயர்வதைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதிய வரலாறே அது.

இதனைக் கூறப் புகுவோர் அறிவியல் கண்டுபிடிப்புகளையும் உலக மாநாடுகளையும் வரிசைப்படுத்துவர். சொற்களை வரிசைப்படுத்திக் காண்பார் சிலரே. அவ்வாறு காணும்போது ஓர் உண்மை புலனாகிறது. 'பேரழிவு', 'ஊழி' என்னும் உரத்த சொற்களைக் காட்டிலும் 'கூடும்', 'சிலர்', 'ஆனால்', 'மாற்றம்' என்னும் மெல்லிய சொற்களே படிப்போர் மனத்தை மிகுதியும் திருப்பியுள்ளன. அமெரிக்க, ஆங்கிலேயச் செய்தித்தாள்களில் இந்த மெல்லிய சொற்கள் ஆற்றிய பணியை ஆராய்வதும், அவை தமிழுக்கு வந்தபோது பெற்ற உருவத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்வையும் கண்ணாடிக் குடிலும்

பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே, புவி தன் வெப்பத்தை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதை 1824இல் ஆராய்ந்தபோது, கண்ணாடி மூடிய பெட்டியினுள் சூரிய வெப்பம் தங்குவதை ஒப்புமையாகக் காட்டினார். நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களைத் தடுத்துக்கொள்வதை ஜான் டிண்டல் 1859இல் தொடங்கிய சோதனைகளால் நிறுவினார். காற்றிலுள்ள நீராவியை இங்கிலாந்தின் பயிர்களைக் காக்கும் போர்வை என்று அவர் வருணித்தார். சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896இல், காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் வெப்பம் 5 முதல் 6 பாகை செல்சியஸ் வரை உயரும் என்று கையால் கணக்கிட்டுக் காட்டினார். குளிர்நாட்டவரான அவர் இதனைக் கேடாகக் கருதவில்லை. வருங்காலத் தலைமுறையினர் இதமான வானிலையில் வாழ்வர் என்றே பின்னர் எழுதிய நூலில் மகிழ்ந்தார்.

அறிஞர்களின் இந்த உவமைகள் அப்படியே செய்தித்தாளுக்கு இறங்கி வந்தன. 1912 ஆகஸ்டில் நியூசிலாந்தின் சிற்றூர் இதழ் ஒன்று, நான்கே வாக்கியங்களில் ஒரு சிறு துணுக்கை வெளியிட்டது. உலகின் உலைகள் ஆண்டுதோறும் 200 கோடி டன் நிலக்கரியை எரிக்கின்றன, அதனால் 700 கோடி டன் கரியமில வாயு காற்றில் சேர்கிறது, அது புவிக்குப் போர்வையாகி வெப்பத்தை உயர்த்துகிறது, சில நூற்றாண்டுகளில் இதன் விளைவு கணிசமாக இருக்கக்கூடும் என்பன அத்துணுக்கின் செய்திகள். இன்று படிப்போர் இதனை ஒரு தீர்க்கதரிசனமாக வியக்கின்றனர். அன்று படித்தோர் வியந்தாரில்லை. அதற்கான காரணம் அத்துணுக்கின் நடையிலேயே உள்ளது. முதல் மூன்று வாக்கியங்கள் நிகழ்காலத்தில் உறுதியாக நடக்கின்றன. நான்காம் வாக்கியத்தில் 'சில நூற்றாண்டுகளில்' என்னும் தொடரும், 'இருக்கக்கூடும்' என்னும் வினையும் சேர்ந்து, அந்த உறுதியைப் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்குத் தள்ளிவைத்துவிடுகின்றன.

போர்வை என்னும் உவமையின் இயல்பும் இங்கு எண்ணத்தக்கது. குளிர்நாட்டார்க்குப் போர்வை தாயின் அணைப்பைப் போன்றது. 1953இல் 'டைம்' வார இதழ் கில்பர்ட் பிளாஸ் என்பாரின் ஆய்வைப் பற்றி எழுதியபோது 'கண்ணுக்குத் தெரியாத போர்வை' என்றே தலைப்பிட்டது. இந்த உவமை வெப்பம் தங்கும் முறையைத் தெளிவாக விளக்கியது. எனினும் அச்சத்தை அது எழுப்பவில்லை. ஆங்கிலத்தில் நிலைபெற்ற கண்ணாடிக் குடில் என்னும் மற்றோர் உவமையும் அத்தகையதே. பனிக்காலத்திலும் பூச்செடியும் காய்கறியும் வளர்க்கும் செல்வர் வீட்டுக் குடில் அது. அக்குடிலுக்குள் வெப்பம் தங்குவது பெரிதும் காற்று வெளியேறாமையால் என்பதை 1909இல் ஆர். டபிள்யூ. உட் தம் சோதனையால் காட்டினார். புவிக்காற்று வெப்பத்தைத் தடுக்கும் முறை வேறு. உவமை பிழையானது என்று தெரிந்த பின்னும் பெயர் மாறவில்லை. பொருத்தமற்ற உவமையும் பழகிவிட்டால் பெயராகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

1956 அக்டோபரில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வால்டமார் கெம்ஃபர்ட் எழுதிய கட்டுரையின் தலைப்பிலும், புவி வெப்பமாவதற்குக் கரியமில வாயு காரணமாக 'இருக்கலாம்' என்னும் நடையே காணப்பட்டது. அப்போது அது நேர்மையான சொல்லே. காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கும் பணியை ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடங்கியது 1958இல்தான். அவ்வாண்டு பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த அளவு, 2024இல் 420ஐக் கடந்திருந்தது. அளவு ஏற ஏறச் சான்றும் ஏறியது. 'இருக்கலாம்' என்னும் வினைமுற்று மட்டும் செய்தித்தாள்களில் நெடுங்காலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

குளிரும் உலகம்

உரத்த சொல்லின் வரலாறு 1975இல் ஒரு பிழையோடு தொடங்குகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாளிட்ட 'நியூஸ்வீக்' இதழில் பீட்டர் கிவின் எழுதிய ஒரு பக்கக் கட்டுரை, 'குளிரும் உலகம்' என்னும் தலைப்பில் வெளிவந்தது. வானிலை மாறுவதற்கான தீக்குறிகள் தோன்றிவிட்டன, உணவு விளைச்சல் குன்றும் என்று தொடங்கிய அக்கட்டுரை, வடதுருவப் பனியின்மேல் கரித்தூளைப் பரப்பி உருக்கலாம் என்னும் யோசனை வரை சென்றது. தீக்குறி கண்டு அஞ்சும் மனம் மாந்தர்க்கெல்லாம் பொது. அதனை அறிந்தே அந்நடை அமைந்தது.

அக்காலத்து அறிவியல் இதழ்கள் கூறியதோ வேறு. 1965 முதல் 1979 வரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தாமஸ் பீட்டர்சன், வில்லியம் கானலி, ஜான் ஃபிளெக் ஆகியோர் 2008இல் தொகுத்து ஆராய்ந்தனர். குளிர்ச்சியை எதிர்நோக்கியவை 7, வெப்பத்தை எதிர்நோக்கியவை 44, இரண்டும் கூறாதவை 20 என்பது அவர்கள் கண்ட முடிவு. 'நியூஸ்வீக்' கட்டுரை வெளிவந்த அதே 1975இன் ஆகஸ்டு மாதத்தில்தான், வாலஸ் பிராக்கர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'புவி வெப்பமடைதல்' என்று பொருள்படும் தொடரை ஆண்டு, அது பரவக் காரணமானார். ஆயினும் 44 ஆய்வுகளை மக்கள் அறியவில்லை. ஒரு பக்கக் கட்டுரையே நினைவில் நின்றது. அன்று அவ்வாறு சொன்னீர்கள், இன்று இவ்வாறு சொல்கிறீர்கள் என்று அறிஞர்களை எள்ளுவோர்க்கு அப்பக்கம் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. அதனை எழுதியவரே 2014இல், தம் பழைய கட்டுரையைக் கொண்டு இன்றைய அறிஞர்களைத் தவறுடையராக்குதல் பொருந்தாது என்று எழுத நேர்ந்தது.

'தொடங்கிவிட்டது'

1988 ஜூன் 23ஆம் நாள், கடும் வெயிலும் வறட்சியும் அமெரிக்காவை வாட்டிய வேளையில், நாசா நிறுவன அறிஞர் ஜேம்ஸ் ஹான்சன் அந்நாட்டு மேலவைக் குழுவின் முன் சான்றளித்தார். வெப்ப உயர்வு இயற்கையின் ஏற்ற இறக்கம் அன்று என்பதில் தமக்கு 99 விழுக்காடு உறுதி உண்டு என்றார். வெளியே வந்து செய்தியாளரிடம், மழுப்பிப் பேசும் காலம் முடிந்தது என்னும் கருத்துப்படக் கூறினார். மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' முதற்பக்கத்தில் பிலிப் ஷபெகாஃப் எழுதிய செய்தி, புவி வெப்பமடைதல் தொடங்கிவிட்டது என்று மேலவையில் வல்லுநர் கூறினார் என்னும் தலைப்பைத் தாங்கியது.

இத்தலைப்பில் உயர்வு நவிற்சி ஏதுமில்லை. அழிவு என்னும் சொல்லும் இல்லை. 'தொடங்கிவிட்டது' என்னும் ஒரு வினைமுற்று, எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நியூசிலாந்து இதழ் சில நூற்றாண்டுகளுக்கு அப்பால் தள்ளிவைத்ததைப் படிப்போர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. காலம் காட்டும் வினையின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. அவ்வாண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் சார்பில் பல அரசுக் காலநிலைக் குழு தோன்றியது. 1989ஆம் ஆண்டின் முதல் இதழில் 'டைம்', ஆண்டின் சிறந்த மனிதரைத் தேர்ந்தெடுக்கும் தன் மரபை விடுத்து, இடருற்ற புவியையே ஆண்டின் கோளாக அட்டையில் இட்டது.

ஐயத்தின் இலக்கணம்

ஒரு வினைமுற்றின் ஆற்றலை நண்பர் மட்டுமன்று, எதிர்த்தரப்பினரும் உணர்ந்தனர். 1991இல் அமெரிக்க நிலக்கரி, மின்துறை அமைப்புகள் சில கூடி ஒரு விளம்பர இயக்கத்தை வகுத்தன. புவி வெப்பமடைதலை உண்மை என்னும் இடத்திலிருந்து எடுத்து, கோட்பாடு என்னும் இடத்தில் மீண்டும் வைப்பதே அதன் நோக்கம் என்று அதன் திட்டக்குறிப்பு எழுதியது. அறிவியலில் கோட்பாடு என்பது பல சோதனைகளைத் தாங்கி நின்ற விளக்கத்திற்குப் பெயர். தெருவழக்கில் அது வெறும் ஊகத்திற்குப் பெயர். ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருந்தமையால், பொய் சொல்லாமலே படிப்போரைப் பொய்யான முடிவுக்கு அழைத்துச் செல்ல முடிந்தது.

மூன்று சிறுநகரங்களில் அவ்விளம்பரங்கள் சோதித்துப் பார்க்கப்பட்டன. புவி சூடாகிறது என்றால் குறிப்பிட்ட ஒரு குளிர்நகரம் ஏன் மேலும் குளிர்கிறது என்று ஒரு விளம்பரம் கேட்டது. இது வினா வடிவிலேயே விடையைச் சொல்லும் உத்தி. ஓர் ஊரின் ஓராண்டு வானிலையைப் புவி முழுமைக்கும் நெடுங்காலத்துக்கும் உரிய அளவோடு மோதவிட்டு, படிப்பவரின் சொந்தத் தோலையே சாட்சிக்கு அழைத்தது.

1998 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளிப்படுத்திய மற்றொரு குறிப்பு இன்னும் நுட்பமானது. அமெரிக்கப் பெட்ரோலியத் துறையைச் சார்ந்தோர் கூடி எழுதிய திட்டம் அது. காலநிலை அறிவியலில் உள்ள உறுதியின்மைகளைப் பொதுமக்கள் எப்போது 'புரிந்துகொள்கிறார்களோ' அப்போதே வெற்றி என்று அது கூறியது. ஐயுறச் செய்வோம் என்று அது எழுதவில்லை. புரிந்துகொள்ளுதல் என்னும் அறிவின் சொல்லையே ஐயத்தின் மேல் போர்த்தியது. எந்த அறிவியலிலும் ஓரளவு உறுதியின்மை உண்டு என்னும் உண்மையே இங்குக் கருவியாயிற்று.

மொபில் நிறுவனமும், பின்னர் எக்சான் மொபிலும், செய்தித்தாளின் கருத்துப் பக்கத்தில் தலையங்கம் போன்ற தோற்றத்தில் விளம்பரங்கள் வெளியிட்டு வந்தன. 2000 மார்ச்சில் வந்த ஒன்றின் தலைப்பு, 'முடிவுறாத அறிவியல்' என்னும் பொருள் தருவது. அவ்வெழுத்துகளை ஜெஃப்ரி சூப்ரனும் நவோமி ஒரெஸ்கஸும் 2017இல் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். புவி வெப்பம் உண்மை, மாந்தரால் நேர்வது என்று அந்நிறுவனங்களின் அறிவியல் கட்டுரைகளில் 83 விழுக்காடு ஏற்றன. செய்தித்தாள் விளம்பரங்களில் அவ்வாறு ஏற்றவை 12 விழுக்காடே. 81 விழுக்காடு ஐயம் எழுப்பின. அறிஞர் அவைக்கு ஒரு மொழியும் பொதுமன்றத்துக்கு வேறு மொழியும் வழங்கியமை இதனால் விளங்கும்.

இவையனைத்தினும் மிகுந்த விளைவைத் தந்தது விளம்பரம் அன்று, செய்தியாளரின் நேர்மையே என்பது இவ்வரலாற்றின் துயரமான பகுதி. இரு தரப்பையும் கேட்டு எழுதுக என்பது செய்தித் தொழிலின் அறம். அவ்வறத்தின்படி, ஓர் அறிஞரின் கூற்றை எழுதிய கை, 'ஆனால் வேறு சிலர் இதனை மறுக்கின்றனர்' என்று அடுத்த வரியை எழுதியது. 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் நான்கு முதன்மை நாளிதழ்களில் வந்த 636 செய்திகளை மேக்ஸ்வெல் பாய்காஃபும் ஜூல்ஸ் பாய்காஃபும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். 53 விழுக்காட்டுச் செய்திகள், மாந்தரே காரணம் என்னும் கருத்துக்கும் இயற்கையே காரணம் என்னும் கருத்துக்கும் ஏறத்தாழச் சம இடம் அளித்திருந்தன. அதே 2004இல் ஒரெஸ்கஸ் 928 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பார்த்தபோது, பொதுக்கருத்தை மறுத்த ஒன்றையும் காணவில்லை. துலாக்கோலின் ஒரு தட்டில் மலையும் மறுதட்டில் மணலும் இருக்கையில் முள்ளைக் கையால் பிடித்து நடுவில் நிறுத்துவது நடுவுநிலைமை ஆகாது. 'ஆனால்' என்னும் ஓர் இடைச்சொல் அந்தக் கையின் வேலையைச் செய்தது. பி.பி.சி. நிறுவனம் 2018இல்தான், இச்செய்திகளில் மறுப்பாளர் ஒருவரைக் கொண்டு சமன்செய்ய வேண்டியதில்லை என்று தன் செய்தியாளர்க்கு அறிவுறுத்தியது.

மங்கல வழக்கு

2003இல் வெளியான மற்றொரு குறிப்பு நன்னூலாரின் மங்கலத்தை நினைவூட்டுவது. அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்குச் சொல்லாலோசகராக விளங்கிய ஃபிராங்க் லன்ட்ஸ், 'புவி வெப்பமடைதல்' என்பதை விடுத்துக் 'காலநிலை மாற்றம்' என்றே வழங்குமாறு அதில் அறிவுரை கூறினார். முன்னது பேரழிவின் சாயலுடையது, பின்னது கட்டுப்படுத்தத்தக்க ஒன்றாகத் தோன்றும் என்பது அவர் கூறிய காரணம். காலநிலை மாற்றம் என்றால் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போவதுபோல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதையும் அவர் எடுத்துக்காட்டினார். பனி நகரிலிருந்து கடற்கரை நகருக்குச் செல்லும் இன்பப் பயணம் போல என்பது கருத்து.

'காலநிலை மாற்றம்' லன்ட்ஸ் படைத்த சொல்லன்று. அறிஞர்கள் அதனை முன்பே வழங்கினர். மழை, காற்று, கடல்மட்டம் யாவற்றையும் உள்ளடக்குவதால் அறிவியல் நோக்கில் பொருத்தமான சொல்லும் அதுவே. துஞ்சினார் என்பதும் நல்ல தமிழ்ச்சொல்லே. உறங்குவோரைக் குறிக்கையில் அது தகுதி வழக்கு ஆவதில்லை. ஒரு சொல் மங்கல வழக்கு ஆவது சொல்லாலன்று, அதனை ஆள்வோர் மறைக்கக் கருதும் பொருளால் என்பது இங்குத் தெளிவாகிறது. அந்த லன்ட்ஸே 2019இல் அமெரிக்க மேலவையினர் குழுவொன்றின் முன், 2001இல் தாம் கொண்ட நிலை தவறு என்று ஒப்புக்கொண்டார்.

மத்ரித் நகரில் ஒரு பெயரடை

செய்தியாளரும் விளம்பரக்காரரும் இவ்வாறிருக்க, அறிஞர்கள் சொல்லுக்கு எத்துணை இடர்ப்பட்டனர் என்பதும் அறியத்தக்கது. 1995 நவம்பரில் ஸ்பெயின் நாட்டு மத்ரித் நகரில் பல அரசுக் காலநிலைக் குழு கூடியது. காலநிலையின்மேல் மாந்தர் செலுத்தும் தாக்கத்துக்கு எந்த அடைமொழியை இடுவது என்பதில் நெடிய வாதம் எழுந்தது. எண்ணெய் வளம் மிக்க சவூதி அரேபியா, குவைத் நாட்டுப் பேராளர்கள் கடுமையாக எதிர்த்தனர். முடிவில் ஏற்கப்பட்ட பெயரடை, 'கண்டறியத்தக்க' என்னும் பொருளுடையது. சான்றுகளின் எடை, கண்டறியத்தக்க மாந்தத் தாக்கத்தைக் காட்டுகிறது என்று வாக்கியம் அமைந்தது. தாக்கம் பெரிதென்றோ சிறிதென்றோ கூறாமல், கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியது என்று மட்டும் கூறும் சொல் அது. சான்றின் எல்லையைத் தாண்டாமலும் குறையாமலும் நின்ற சொல்.

அதன் பின்னர் அக்குழுவின் அடைச்சொற்கள் ஏணிப்படிபோல் உயர்ந்தன. 2001இல் 'வாய்ப்புண்டு', 2007இல் 'மிக வாய்ப்புண்டு', 2013இல் 'மிக மிக வாய்ப்புண்டு', 2021இல் 'ஐயத்திற்கிடமின்றி'. முதல் மூன்றுக்கும் முறையே 66, 90, 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உறுதி என அக்குழு அளவு வகுத்திருந்தது. ஆனால் படிப்போர் சொல்லை அளவாகப் படிப்பதில்லை. 'மிக வாய்ப்புண்டு' என்பதைப் பொதுமக்கள் 90 விழுக்காட்டுக்கு மிகத் தாழ்வாகவே பொருள்கொள்கின்றனர் என்பதை டேவிட் புடெஸ்கு முதலானோர் 2009இல் சோதனையால் காட்டினர். அறிஞன் எடைபோட்டுக் கொடுத்த சொல், செய்தித்தாளின் வழியே படிப்பவர் கைக்கு வந்து சேரும்போது எடை குறைந்துவிடுகிறது.

குழூஉக்குறியும் ஓர் எண்ணும்

2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் களவாடப்பட்டு வெளியாயின. அவற்றுள் 1999இல் எழுதப்பட்ட ஒன்றில் 'டிரிக்' என்னும் ஆங்கிலச் சொல் இருந்தது. ஆய்வாளர் தம்முள் அதனைக் கணக்கை எளிதாக்கும் உத்தி என்னும் பொருளில் வழங்குவர். செய்தித்தாள் படிப்போர்க்கு அது தந்திரம், ஏமாற்று. பொற்கொல்லரின் 'பறி' கடைத்தெருவில் கேட்டால் வேறு பொருள் தருமன்றோ? கோபன்ஹேகன் மாநாட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் அந்த ஒரு சொல் உலகெங்கும் தலைப்பாயிற்று. 2010இல் நடந்த விசாரணைகள், அறிஞர்களின் நேர்மையில் ஐயமில்லை என்றும், தரவுகளை வெளியிடுவதில் அவர்கள் போதிய திறந்த மனம் காட்டவில்லை என்றும் கூறின. அம்முடிவுகள் அத்துணைப் பெரிய எழுத்தில் அச்சாகவில்லை.

அடுத்த அடி உள்ளிருந்தே வந்தது. இமயத்தின் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறையும் வாய்ப்பு மிகுதி என்று பல அரசுக் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையின் ஒரு பத்தி கூறியது. கங்கையையும் சிந்துவையும் நம்பி வாழ்வோர் நடுங்கத்தக்க செய்தி. அதன் வேரைத் தேடியபோது, 1999இல் 'நியூ சயன்டிஸ்ட்' இதழில் வந்த செய்திப் பேட்டி ஒன்று கிடைத்தது. அங்கிருந்து 2005இல் ஓர் இயற்கைக் காப்பு அமைப்பின் அறிக்கைக்கும், அதிலிருந்து அறிவியல் அறிக்கைக்கும் அந்த எண் சென்றிருந்தது. அறிவியலிலிருந்து செய்திக்கு வருவதே வழக்கம். இங்குச் செய்தியிலிருந்து அறிவியலுக்கு ஓர் எண் ஏறிச் சென்றது. 2010 ஜனவரி 20ஆம் நாள் அக்குழு வருத்தம் தெரிவித்தது. 938 பக்கத் தொகுதியில் ஒரு பத்தியே பிழை. பனியாறுகள் குறைந்து வருவது உண்மையே. எனினும் அந்த ஒரு பத்தி எஞ்சிய பக்கங்களின் மதிப்பைச் சில காலம் விழுங்கியது.

உரத்த சொற்களின் காலம்

2018 அக்டோபரில் வெளியான அறிக்கை, வெப்ப உயர்வை 1.5 பாகையில் நிறுத்த 2030க்குள் கரியமில வாயு வெளியீடு 2010இன் அளவிலிருந்து ஏறத்தாழ 45 விழுக்காடு குறைய வேண்டும் என்றது. செய்தித் தலைப்புகள் இதனை 'இன்னும் 12 ஆண்டுகளே' என்று சுருக்கின. மெல்லச் சரியும் கோடு ஒன்று, விழுந்து முடியும் பாறையாக மாறியது. 2019 மே மாதத்தில் 'கார்டியன்' நாளிதழ் தன் நடைக்கையேட்டைத் திருத்தி, 'மாற்றம்' என்பதைவிட 'நெருக்கடி', 'அவசரநிலை' என்னும் சொற்களையும், வெதுவெதுப்பு எனத்தக்க பழைய சொல்லைவிடச் சூடாக்கலைக் குறிக்கும் சொல்லையும் விரும்பி ஆளத் தொடங்கியது. அவ்வாண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் 'காலநிலை அவசரநிலை' என்பதைத் தேர்ந்தனர். 2023 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ், கொதிக்கும் புவியின் காலம் வந்துவிட்டது என்றார்.

இவற்றுள் எது தகும்? 2024ஆம் ஆண்டின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவினின்று ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஆதலின் நெருக்கடி என்பது மிகையன்று. ஆனால் கொதித்தல் 100 பாகையில் நிகழ்வது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அச்சமூட்டும் படங்களும் சொற்களும் மக்களின் கவனத்தை ஈர்த்தாலும், அவர்களைச் செயலற்றவராக்கவும் கூடும் என்று சஃப்ரான் ஓ'நீல், சோஃபி நிக்கல்சன்-கோல் ஆகியோர் 2009இல் ஆய்ந்து எழுதினர். உயர்வு நவிற்சிக்குக் கவிதையில் இடமுண்டு; கேட்போரும் அதனை அணியென்றே அறிந்து மகிழ்வர். செய்தியில் அது கடனாகப் பெற்ற நம்பிக்கை. 1975இன் தீக்குறிகளுக்கும், 2035 என்னும் எண்ணுக்கும் உரிய கடனைப் பின்வந்தோரே தீர்க்க நேர்ந்தது.

தமிழுக்கு வந்த சொற்கள்

இச்சொற்கள் தமிழ்ச் செய்தித்தாள்களுக்கு மொழிபெயர்ப்பாகவே வந்தன. கண்ணாடிக் குடிலுக்கு ஆங்கிலர் இட்ட பெயரின் நிறத்தைக் கொண்டு 'பசுமை இல்லம்', 'பசுமைக்குடில்' என்னும் பெயர்கள் அமைந்தன. கண்ணாடியும் வெம்மையும் இவற்றில் இல்லை. வெயில் மிக்க நாட்டில் பசுமையும் மங்கலம், குடிலும் மங்கலம். பசுமைக்குடில் என்ற அளவில் தமிழ்ப் படிப்பாளரின் உள்ளத்தில் தோன்றுவது நிழலும் குளிர்ச்சியுமே. 'பசுமைக்குடில் வாயு' கேடு செய்யும் என்று அவருக்குத் தனியே விளக்க வேண்டியுள்ளது. யாரும் மறைக்கக் கருதாமலே நேர்ந்துவிட்ட மங்கல வழக்கு இது.

தமிழக நாளிதழ்களில் பெருவழக்காக உள்ள 'பருவநிலை மாற்றம்' என்பதையும் இவ்வாறே நோக்கலாம். கார் முதல் முதுவேனில் ஈறாகப் பெரும்பொழுது ஆறென வகுத்த மரபில், பருவம் என்றாலே மாறுவது என்று பொருள். பருவம் மாறுதல் இயற்கை. அதில் அஞ்சுதற்கு ஒன்றுமில்லை. இலங்கைத் தமிழில் பயின்ற 'காலநிலை மாற்றம்' ஒப்பீட்டளவில் பொருத்தமானது. தமிழக அரசும் 2021இல் சுற்றுச்சூழல் துறையின் பெயரில் காலநிலை மாற்றம் என்பதையே சேர்த்தது.

இவை இரண்டினும் ஆழமானது ஒரு வினையின் கதை. பிராக்கர் ஆண்ட ஆங்கிலச் சொல், தானே சூடாதலையும் பிறர் சூடாக்குதலையும் ஒருங்கே குறிப்பது. யார் செய்தார் என்பதைச் சொல்லாமல் விட ஆங்கிலம் இடம் தந்தது. தமிழில் அந்த வசதி இல்லை. தன்வினை வேண்டுமா, பிறவினை வேண்டுமா என்று தேர்ந்தே ஆக வேண்டும். மொழிபெயர்த்தோர் 'வெப்பமடைதல்' என்னும் தன்வினையைத் தேர்ந்தனர். கதிரவன் எழுவதுபோல், கனி பழுப்பதுபோல், புவியும் தானே வெப்பமடைகிறது. 1995இல் மத்ரித் நகரில் ஒரு பெயரடைக்காக அறிஞர்கள் வாதிட்டதும், நிலக்கரி, எண்ணெய்த் துறையினர் பல பத்தாண்டுகள் செல்வத்தைச் செலவிட்டதும் எதனைப் பற்றியோ, அந்தக் கேள்வியை, அதாவது வினைமுதல் யார் என்பதை, தமிழ்ச்சொல் ஓசையின்றி விட்டுவிட்டது. 2021இன் அறிக்கை ஐயத்திற்கிடமின்றி என்று கூறியதும் இவ்வினைமுதலைப் பற்றியே. அதன் வாக்கியம் பிறவினையில் அமைந்தது: மாந்தரின் தாக்கம் காற்றையும் கடலையும் நிலத்தையும் வெப்பமாக்கியுள்ளது.

பழகிய பெயரை மாற்றுதல் எளிதன்று. மாற்ற வேண்டும் என்று கட்டளையிடுவதும் பயன் தராது. ஆனால் பெயருக்கு அடுத்து வரும் வினை எழுதுவோர் கையில் உள்ளது. சூடானது என்று எழுதும் இடத்தில் சூடாக்கினோம் என்று எழுத இடமுண்டு. கூடும் என்னும் சொல்லைச் சான்று தேய்ந்த இடத்தில் வைத்துக்கொண்டு, சான்று முற்றிய இடத்தில் விடுத்துவிடவும் இடமுண்டு. இதற்கு அணி வேண்டா. உரத்த குரலும் வேண்டா. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியில் கற்ற ஒவ்வொருவரும் செய்யத்தக்கதே. சொல்லின் எடையறிந்து ஆளும் பயிற்சி பெற்ற கவிஞர்களுக்கு இது பிறரினும் எளிது. ஆதலின் கடமையும் அவர்களுக்கே முதலாவது.